கொண்டை ஊசி வளைவில் ஒரு வெள்ளைக் கார்

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். அதில் ஒன்றில், பனிமூட்டத்துக்குள் ஒரு வெள்ளைக் கார் திரும்பி மறைகிறது. எட்டு விநாடி ஷாட்.

இதன்மேல் நாதஸ்வரத்தைப் போட்டால், கல்யாணத்துக்குப் போகிற குடும்பம். இசையை எடுத்துவிட்டுச் சில்வண்டுச் சத்தத்தை மட்டும் விட்டால், அடிவயிறு கலங்கும். மேலிருந்து பிரேக் பிடிக்காத லாரி இறங்குவதை முந்தின ஷாட்டில் காட்டியிருந்தால், த்ரில்லர். எடுத்தது ஒரே ஷாட்தான். அடுத்து என்ன வரும் என்று நம் மனசு போடும் கணக்கு மாறிவிட்டது. இதுவரை பார்த்த படங்களை வைத்து நாம் போடும் அந்தக் கணக்கைத்தான் ஜானர் என்கிறோம், தமிழில் வகைமை.

ஏற்காடு சாலையில் டி.ஆர்.சுந்தரம் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற படத் தயாரிப்பு நிறுவனம் இந்தக் கணக்கை நன்றாகவே அறிந்திருந்தது. 1950-இல் ராஜா கதை, 1956-இல் வண்ணத்தில் அலிபாபா, 1970-இல் துப்பறியும் சி.ஐ.டி. கதை. அந்த 1950 படமான ‘மந்திரி குமாரி’யின் மலையுச்சிக் காட்சியைப் பாருங்கள். கணவன் மனைவியைப் பாட்டுப் பாடி அழைத்துப் போகிறான். மெட்டு காதல் பாட்டு. அவன் கொள்ளைக்காரன் என்பதோ நமக்கு முன்பே தெரியும். காது ஒரு வகைமையைக் கேட்க, அறிவு இன்னொன்றைச் சொல்கிறது. பதற்றம் பிறப்பது அந்த இடைவெளியில்தான். உச்சியிலிருந்து அவளைத் தள்ளிவிட நினைத்தவனை, கடைசியில் அவளே தள்ளிவிடுகிறாள். எத்தனை அழகான திருப்பம்!

தயாரிப்பாளருக்கு வகைமை செலவுக் கணக்கும்கூட. ஒரு ராஜா கதைக்குப் போட்ட சிம்மாசனமும் வாளும் அடுத்த ராஜா கதைக்கும் உதவும்.

ஒரே படத்தில் இரண்டு வகைமைகளைக் கலந்தால், கலவை கெடுவது பெரும்பாலும் வரிசையில். பேய்ப்படத்தில் பயம் ஏறிக்கொண்டிருக்கும்போதே காமெடியை நுழைத்தால், சேர்த்த பயமெல்லாம் வீணாகிவிடும். பயம் வெடித்த பிறகு வரும் சிரிப்புக்குத்தான் தியேட்டர் அதிரும். டிரெய்லரில் காமெடி காட்டி, உள்ளே சோகம் வைத்தாலும் ஆபத்து: படம் நன்றாக இருந்தாலும் ஏமாந்த கோபம் மிஞ்சும்.

பாதியில் தடம் மாறும் கதை என்றால் விதையை முதல் கால் மணி நேரத்திலேயே போட வேண்டும். அந்தக் கல்யாணக் கார் பின்னால் உருளப்போகிறதா? உள்ளே எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கும்போதே பிரேக் ஒருமுறை கிறீச்சிடட்டும், அரை விநாடி. டிரைவர் மட்டும் காலைத் திரும்ப அழுத்திப் பார்க்கட்டும்.