ஸ்கவுட்-ஸ்னைப்பர்: காது கொடுத்தவனும் உள்ளான் சுட்டவனும்

வேர்ல்ட் ஆஃப் டாங்க்ஸ் என்ற இணைய டாங்குச் சண்டை விளையாட்டை ஆடுகிறவர்களுக்கு இந்த ஆளைத் தெரியும். லைட் டாங்கை எடுத்துக்கொண்டு புதருக்குள் போய் உட்காருவார், எதிரியைத் தானே கண்டுபிடித்துத் தன் அணிக்குக் காட்டிக்கொடுப்பார், வாய்த்தால் தானே ஒரு குண்டும் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். அவருக்குத்தான் ஸ்கவுட்-ஸ்னைப்பர் என்று பெயர்.

சேர்ந்தே வந்தாலும் இந்த இரண்டு சொல்லும் பிறப்பிலேயே வேறு வேறு. ஸ்கவுட் என்பது பழைய பிரெஞ்சில் 'கேள்' என்ற பொருள் கொண்ட சொல்லிலிருந்து வந்தது, அதற்கும் பின்னால் லத்தீன். அதாவது ஸ்கவுட் முதலில் காது கொடுத்தவன், கண் அப்புறம்தான். ஸ்னைப்பர் கதை நம் பக்கத்தில் நடந்தது. ஸ்னைப் என்றால் நம்மூர் வயலிலும் சதுப்பிலும் இறங்கும் உள்ளான் குருவி. விரட்டினால் வெட்டி வெட்டிப் பறக்கும், சுடுவது லேசில்லை. 18ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் படைக்காரர்கள் அதைச் சுடுவதைப் பொழுதுபோக்காக வைத்திருந்தார்கள், அந்தப் பேச்சிலிருந்து ஒளிந்திருந்து ஆளைச் சுடுகிறவனுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'உள்ளான்காரன்' என்றுதான் வரும், சரி, அது வேண்டாம்.

இரண்டு வேலையையும் ஒரே ஆள் செய்வது விளையாட்டில் பிறந்த யோசனை இல்லை. 1900இல் தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போருக்காகத் திரட்டப்பட்ட ஸ்காட்லாந்தின் லோவட் ஸ்கவுட்ஸ் படையில் மலைக்காட்டு வேட்டை உதவியாளர்கள் நிறைய இருந்தார்கள். தொலைநோக்கியில் பார்ப்பதும் குறி தவறாமல் சுடுவதும் அவர்களுக்கு ஒரே பிழைப்பு.

ஆட்டத்தில் இது ஏன் கஷ்டம்? எவ்வளவு நல்ல கருவி மாட்டினாலும் 445 மீட்டருக்கு அப்பால் இருக்கும் டாங்கை நீங்களே கண்டுபிடிக்க முடியாது. ஆனால் திரையில் 564 மீட்டர் வரை டாங்குகள் தெரியும், யாராவது காட்டிக்கொடுத்தால் அங்கேயும் சுடலாம். நடுவில் கிடக்கும் அந்த நூற்றுச் சொச்சம் மீட்டர்தான் ஸ்கவுட் முன்னால் ஸ்னைப்பர் பின்னால் என்று ஆளைப் பிரித்து வைத்தது. இரண்டையும் ஒருவரே செய்யப் போனால் இன்னொரு தொல்லை, சுட்ட கணத்தில் 15 மீட்டருக்குள் இருக்கும் புதர் பெரும்பாலும் உங்களை மறைக்காது. அதனால் விவரமானவர்கள் புதரை ஒட்டி நின்று எதிரியைப் பார்த்துவிட்டு, உடனே 15 மீட்டர் பின்வாங்கி, எதிரி திரையிலிருந்து மறைவதற்கு முன் இருக்கும் சில நொடிகளுக்குள் சுட்டுவிடுவார்கள். புரோகோரோவ்கா வரைபடத்தில் ஈஎல்சி ஏஎம்எக்ஸ் என்ற குட்டி டாங்கை வைத்துக்கொண்டு நான் இதைப் பழகினேன், பழகும்வரை செத்த கணக்கைக் கேட்காதீர்கள்.

இனி தமிழுக்கு வருவோம். ஸ்கவுட்டுக்கு அகராதியைத் திறந்தால் சாரணர் என்று வரும், படித்ததும் பள்ளிக்கூடத்தில் கழுத்துத் துண்டு கட்டிய பையன்தான் மனசில் நிற்பான். ஒற்றர் நல்ல சொல், குறளில் ஒற்றாடல் என்று ஓர் அதிகாரமே உண்டு, ஆனால் அவர் வேஷம் போட்டு ஊருக்குள் நுழைகிற ஆள். எனக்குப் பிடித்தது வேவு. அதன் பழைய உருவம் வேய். ஆநிரை கவரப் போகும் வெட்சித் திணையில் வேய் ஒரு தனித் துறை: முதலில் ஒற்றர் போய்ப் பார்த்துச் சொல்வார், பிறகு படை வளைக்கும். கூரைக்கு ஓலை போடுவதும் வேய்தல்தான். இரண்டும் ஒரே வேரா என்ற வழக்குக்குள் நான் போகவில்லை, ஆனால் டாங்குக்கு மேல் இலைவலை போர்த்திக்கொண்டு வேவு பார்க்கிறவனுக்கு இதைவிடப் பொருத்தமாக எது அமையும்?

ஸ்னைப்பருக்குக் குறிபார்த்துச் சுடுபவர் என்று பத்திரிகைகள் எழுதும். அதில் ஒளிவு இல்லை, துப்பாக்கிச் சுடும் போட்டிக்காரரும் குறிபார்த்துத்தான் சுடுகிறார். ஈழத்துச் செய்திகளில் புழங்கிய 'பதுங்கிச் சூடு' எவ்வளவோ மேல். ஆகவே என் கணக்கில் ஸ்கவுட்-ஸ்னைப்பர் என்றால் வேவுச் சுடுநர். பதுங்கலைத் தனியாகச் சொல்ல வேண்டாம், வேவிலேயே அது வந்துவிடுகிறது. வேவு முன்னால் நிற்பதும் சரிதான், அவசரத்தில் முதலில் சுட்டுவிட்டால் அப்புறம் வேவு பார்க்க ஆள் இருக்காது.

ஆட்டத்துக்கு நடுவில் இதையெல்லாம் யார் சொல்வார்கள் என்று கேட்கலாம். எங்கள் குழுவில் "டேய், வேவு பாருடா" என்பது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. சுடுகிற பாதிக்கு மட்டும் இன்னும் "ஸ்னைப் பண்ணு"தான்.