அகராதியைப் பார்த்த பிறகு அடியுங்கள்

சென்ற வாரம் ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் ஆங்கில விடைத்தாள்கள் இரண்டை அவளுடைய தாயார் என்னிடம் கொண்டுவந்து காட்டினார். முதல் தாளில் 'மேங்கோ' என்ற சொல்லின் பன்மையை 'இ' இல்லாமல், 'எஸ்' மட்டும் சேர்த்து எழுதியிருந்தாள். சிவப்பு மையில் அதை அடித்து, 'எழுத்துப்பிழை' என்று குறித்து, அரை மதிப்பெண்ணைக் குறைத்திருந்தார்கள். ஆங்கிலப் பாடநூல்களுக்கு நெடுங்காலமாக மெய்ப்புத் திருத்திவரும் எனக்கு இத்தகைய தாள்கள் புதியவை அல்ல. ஆயினும் இனியும் பேசாமலிருக்க மனம் ஒப்பவில்லை.

அவள் எழுதியது பிழையே அல்ல. ஆக்ஸ்ஃபோர்டு, மெரியம்-வெப்ஸ்டர் ஆகிய இரு அகராதிகளுமே 'இ' உள்ள வடிவத்தையும் இல்லாத வடிவத்தையும் ஏற்கின்றன. இரண்டு வடிவங்கள் இருந்தால் ஒன்று கட்டாயம் தவறாகத்தான் இருக்கும், அல்லது அமெரிக்க வழக்காக இருக்கும் என்ற எண்ணம் நம் வகுப்பறைகளில் வேரூன்றிக் கிடக்கிறது. மஸ்கிட்டோ, வால்கேனோ, கார்கோ ஆகியவற்றுக்கும் இரு வடிவங்களும் செல்லும். மாங்காய் என்ற தென்னாட்டுச் சொல்தான் போர்த்துகீசியர் வழியாக ஆங்கிலத்தில் 'மேங்கோ' ஆயிற்று. அதற்கே நம் பிள்ளை மதிப்பெண் இழப்பது எனக்குக் கூடுதல் வருத்தம்.

பொட்டேட்டோ, டொமேட்டோ, ஹீரோ ஆகியவற்றின் பன்மையில் 'இ' கட்டாயம் வேண்டும். ஃபோட்டோ, பியானோ, ரேடியோவில் கூடாது. ஆனால் அந்தச் சிவப்புக் கோட்டுக்கு அஞ்சிய அந்த மாணவி, அடுத்த தேர்வில் ஃபோட்டோவின் பன்மையிலும் 'இ' சேர்த்திருக்கிறாள். 1992-இல் அமெரிக்கத் துணை அதிபர் டான் குவேல், பொட்டேட்டோ என்று ஒருமையில் சரியாக எழுதிய பள்ளிச் சிறுவனை, தன் கையிலிருந்த அட்டையில் தவறாக எழுதியிருந்ததை நம்பி, இறுதியில் 'இ' சேர்க்கச் சொன்னார். பன்மையின் எழுத்து ஒருமைக்குள் புகுவது அத்தனை எளிது.

பன்மை வடிவங்கள் காலத்தோடு மாறியும் வந்திருக்கின்றன. கண்ணைக் குறிக்கும் 'ஐ' என்ற சொல்லுக்கு ஒருகாலத்தில் 'இ', 'என்' எழுத்துகளில் முடியும் பன்மை இருந்தது. 'சில்ட்ரன்' என்பதோ, ஏற்கெனவே பன்மையாக இருந்த 'சில்டர்' மீது அதே ஈறும் ஏறிய இரட்டைப் பன்மை. கூரையைக் குறிக்கும் 'ரூஃப்' என்பதற்கு 'வி' இட்டெழுதும் பன்மை இன்று அருகிவிட்டது. குளம்பைக் குறிக்கும் 'ஹூஃப்', கழுத்துத் துணியைக் குறிக்கும் 'ஸ்கார்ஃப்' இரண்டுக்கும் இரு வடிவங்களும் வழங்குகின்றன. பூச்சியின் உணர்கொம்புகளுக்கு 'ஆன்டென்னே', வானொலிக்கு 'ஆன்டென்னாஸ்' எனப் பொருளால் பிரிவனவும் உண்டு.

ஆசிரியர்களே, ஐயம் எழுந்தால் அகராதியைப் பாருங்கள். ஐயம் எழாவிட்டாலும் ஒருமுறை பாருங்கள். மாணவர்கள் ஒரு கட்டுரைக்குள் ஒரே வடிவத்தைக் கையாள வேண்டும். முதல் பத்தியில் ஒன்றும் மூன்றாம் பத்தியில் மற்றொன்றுமாக எழுதினால் குறையுங்கள், மறுக்கமாட்டேன். பெற்றோர்கள் சண்டைக்குச் செல்லாமல் அகராதிப் பக்கத்தை எடுத்துச் சென்று பணிவாகக் காட்டுங்கள். அந்தத் தாயாரிடமும் அப்பக்கத்தின் படியைக் கொடுத்தனுப்பியிருக்கிறேன்; அந்த அரை மதிப்பெண்ணைத் தயவுசெய்து திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.