பல் எடுத்த அன்றைக்குத் துப்பாதீர்கள்

பள்ளத்தூர் ஆச்சி ஒருவருக்குக் கீழ்க் கடைவாய்ப் பல்லை எடுத்து அனுப்பினேன். மூன்றாம் நாள் காலையில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு காரைக்குடிக்கே திரும்ப வந்துவிட்டார்.

"பல்லு வலியே தேவலாம் தம்பி. காது, பொட்டெல்லாம் தெறிக்குது."

வாயைத் திறந்து பார்த்தேன். பல் இருந்த குழி காலியாக இருந்தது. அடியில் வெளுத்த எலும்பு தெரிந்தது.

"ஆச்சி, அன்னைக்கு ராத்திரி துப்பினீங்களா?"

"படிக்கத்தைக் கட்டிலுக்குப் பக்கத்துலயே வச்சுக்கிட்டேன். கெட்ட ரத்தமெல்லாம் போகட்டுமேன்னு."

அது கெட்ட ரத்தம் இல்லை. பல்லை எடுத்ததும் குழியில் ரத்தம் உறைந்து கட்டியாக நிற்கும். எலும்பையும் நரம்பு நுனிகளையும் மூடிக் காப்பது அந்தக் கட்டிதான். புதுச் சதை வளர்வதும் அதைப் பற்றித்தான். அழுத்தித் துப்பினால், கொப்பளித்தால், இளநீரை ஸ்ட்ரா போட்டு உறிஞ்சினால் அது பெயர்ந்து வந்துவிடலாம். புகையிலையும் பீடியும் குழியை ஆறவே விடாது. கட்டி போய்விட்டால் இரண்டு மூன்று நாளில் இப்படி வலி கிளம்பும். உலர் குழி என்போம். கீழ்க் கடைவாயில்தான் இது அதிகம்.

எச்சிலில் ஒரு சொட்டு ரத்தம் கலந்தாலே வாய் நிறைய ரத்தம் போலத் தெரியும். பயப்படாமல் விழுங்கிவிடுங்கள். நிஜமாகவே கசிந்தால் சுத்தமான பஞ்சுத் துணியை மடித்து வைத்து அரை மணி நேரம் அழுத்திக் கடியுங்கள், நடுவில் எடுத்துப் பார்க்காமல். அதற்கும் நிற்காவிட்டால் உடனே வாருங்கள். உப்புத் தண்ணீர் நல்லதுதான், ஆனால் 24 மணி நேரம் கழித்து, வெதுவெதுப்பாக. அதுவரை ஆறிய இடியாப்பமும் பாலும் போதும். தேன்குழலும் சீடையும் ஒரு வாரம் பொறுக்கட்டும்.

ரத்தம் நிற்காதோ என்று பயந்து, இதயத்துக்குச் சாப்பிடும் ஆஸ்பிரினைத் தாங்களாகவே நிறுத்திவிட்டு வருகிறவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். மாரடைப்பைவிட ஈறுக் கசிவு எனக்குச் சின்ன வேலை. மாத்திரைச் சீட்டைக் கையோடு கொண்டுவாருங்கள், அது போதும்.

ஆச்சியின் குழியைக் கழுவி, கிராம்பு எண்ணெய் மருந்து வைத்துக் கட்டினேன். அன்று மாலையே வலி தணிந்தது. ஆனால் அந்த இரண்டு ராத்திரி அவர் தூங்காதது என் மனதை விட்டுப் போகவில்லை. பல் எடுத்தபின் மரத்த வாயோடு இருப்பவர் காதில் நாம் சொல்வது ஏறாது. அதனால் இப்போது ஊசி போடும் முன்பே, கூட வந்த மருமகளையோ மகனையோ உள்ளே அழைத்துச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் படிக்கம் இருக்கிறதா என்றும் கேட்கிறேன்.