துருவ இரவிலும் உறையாத நார்வே கடற்பாதை

நார்வேயின் வடகோடியில், ஏறத்தாழ 71 பாகை அட்சரேகையில் உள்ள ஹொன்னிங்ஸ்வோக் துறைமுகத்துக்குச் சூரியனே உதிக்காத டிசம்பர் நாட்களிலும் கப்பல் வந்து போகிறது. ஆனால் அதற்கு அருகே தொடங்கி, 120 கிலோமீட்டருக்கும் மேல் தெற்கே நீளும் போர்சாங்கர் ஃபியோர்டின் (ஃபியோர்டு என்பது நிலத்துக்குள் நீளும் குறுகிய கடற்கழி) உள்முனை ஒவ்வொரு குளிர்காலத்திலும் உறைந்துவிடுகிறது. வடக்கே உறையாத கடல் தெற்கே உறைவது எப்படி?

பெர்கனிலிருந்து கிர்கெனெஸ் வரை 34 துறைமுகங்களைத் தொட்டுச் செல்லும் கடற்பாதையின் இருப்பே இந்தக் கேள்வியோடு பிணைந்தது. 1893இல் கப்பல் தலைவர் ரிச்சர்ட் வித், ட்ரொண்ட்ஹைம் நகருக்கும் ஹம்மர்ஃபெஸ்ட்டுக்கும் இடையே இச்சேவையைத் தொடங்கியபோது, குளிர்காலத்தில் அவருக்குப் பெருந்தடையாக இருந்தது பனிக்கட்டி அன்று. பாறைத்தீவுகளுக்கிடையே இருளில் வழி காண்பதுதான்.

கடல் திறந்திருப்பதற்கு, அட்லாண்டிக்கில் வெப்பநீரைச் சுமந்துவரும் வளைகுடா நீரோட்டமே காரணம் என்று சுருக்கமாகச் சொல்லிவிடுவது வழக்கம். அது பாதி உண்மைதான். அதன் தொடர்ச்சியான வட அட்லாண்டிக் நீரோட்டத்தின் கிளை நார்வே கரையோரமாக வடக்கே செல்வதோடு, கோடையில் கடல் சேமித்த வெப்பத்தைத் தென்மேற்குக் காற்றும் குளிர்காலத்தில் கரைக்குக் கொண்டுவருகிறது. இதே அட்சரேகையில், எதிர்க்கரையான கிழக்குக் கிரீன்லாந்துக்கு ஆர்க்டிக் பெருங்கடலின் மிதக்கும் பனிக்கட்டியைச் சுமந்த நீரோட்டம் வாய்த்திருப்பதால், அங்கே ஆண்டில் சில மாதங்களே கப்பல் அணுக முடியும்.

மீதிக் காரணம் உப்பில் இருக்கிறது. நன்னீர் 4 டிகிரி செல்சியசில் அதிக அடர்த்தி பெறும். அதற்கும் கீழே குளிர்ந்தால் இலேசாகி மேலேயே தங்கி, 0 டிகிரியில் உறையும். லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புள்ள கடல்நீரோ, உறைநிலையான மைனஸ் 1.9 டிகிரியை நெருங்கும்வரை குளிரக் குளிர அடர்த்தி கூடிக்கொண்டே போவதால், மேற்பரப்பில் குளிர்ந்த நீர் கீழிறங்க, அடியிலிருந்து வெப்பமான நீர் மேலே வருகிறது. ஆகவே மேற்பரப்பு உறைய வேண்டுமானால், இப்படிக் கலங்கும் அடுக்கு முழுவதும், அது பல பத்து மீட்டர் ஆழமானாலும், முதலில் தன் வெப்பத்தை இழந்தாக வேண்டும். வெப்பமான நீர் இடைவிடாது வந்துகொண்டிருக்கும் திறந்த கரையில் அதற்கு வாய்ப்பே இல்லை.

ஃபியோர்டின் உள்முனையில் கதை வேறு. பனியாறுகள் குடைந்த இப்பள்ளத்தாக்குகளின் தலைப்பகுதியில் ஆறுகள் வந்து கலக்கின்றன. அலையும் காற்றும் குறைவான இடங்களில் நன்னீர், உப்புநீரின்மேல் மெல்லிய போர்வையாகப் படர்கிறது. எவ்வளவு குளிர்ந்தாலும் அந்நீர் கீழுள்ள உப்புநீரைவிட இலேசானதே என்பதால் அதற்குள் இறங்க முடிவதில்லை. எனவே சில அடி நீர் குளிர்ந்தாலே போதும், மேற்பரப்பு உறைந்துவிடும். 1,300 மீட்டர் ஆழமுள்ள சொங்னே ஃபியோர்டு போன்றவற்றிலும் உறைவதைத் தீர்மானிப்பது மொத்த ஆழமன்று, இந்த மேலடுக்கே. போர்சாங்கரின் உள்பகுதியில், தீவுகளும் ஆழம் குறைந்த அடித்தளமும் அட்லாண்டிக் நீரை எளிதில் நுழையவிடாமல் தடுப்பதும், உள்நாட்டுப் பீடபூமியின் கடுங்குளிர்க் காற்று இறங்கி வருவதும் சேர்ந்துகொள்கின்றன.

மனிதரும் இதில் கை வைத்திருக்கிறார்கள். நார்வேயின் மின்சாரத்தில் பெரும்பகுதி நீர்மின்சாரம். இயல்பாக ஆறுகள் வற்றியிருக்கும் குளிர்காலத்தில்தான் மின்தேவை உச்சத்தில் இருப்பதால், அணைகளில் தேக்கிய நன்னீர் அப்போது ஃபியோர்டுகளில் விடப்படுகிறது. முன்பு திறந்தே கிடந்த மேற்பரப்பிலும் பனிக்கட்டி படிய இது வழி செய்யக்கூடும்.

லொஃபோட்டன் தீவுகளின் மீனவர்களுக்கோ இதே அடுக்குகள் வாழ்வாதாரம். உப்புக் குறைந்த குளிர்ந்த கரையோர நீர், வெப்பமான அட்லாண்டிக் நீரின்மேல் படிந்திருக்கும் எல்லையில், 4 முதல் 6 டிகிரி வரையிலான இடைநீரை நாடி, பாரென்ட்ஸ் கடலிலிருந்து காட் மீன்கள் முட்டையிட வருகின்றன. ஜனவரி முதல் ஏப்ரல் வரை நடக்கும் அந்த மீன்பிடிப்பில், வலை எந்த ஆழத்தில் இறங்க வேண்டும் என்பது அவ்வாண்டு அந்த எல்லை எங்கே அமைகிறது என்பதைப் பொறுத்திருக்கிறது.