ஆணா, பெண்ணா? மணலைக் கேளுங்கள்

ராத்திரி ஒரு மணிக்கு மேல் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் பக்கம் கடலோரமாக நடக்கும்போது டார்ச் அடிக்க விடமாட்டார்கள். கொஞ்ச நேரத்தில் கண் இருட்டுக்குப் பழகிவிடும். அப்போதுதான் அந்தத் தடம் தெரியும். யாரோ ஒரு கனமான மூட்டையைக் கடலிலிருந்து இழுத்து வந்து, மறுபடி கடலுக்கே இழுத்துக்கொண்டு போன மாதிரி இருக்கும். வந்த தடமும் போன தடமும் சேருகிற இடத்தில் மணல் கலைந்து கிடக்கும். முன்னால் போகிறவர் மெல்லிய கம்பு ஒன்றை அங்கே மெதுவாக இறக்கிப் பார்ப்பார். எந்த இடத்தில் தடையில்லாமல் சட்டென்று உள்ளே போகிறதோ, அதுதான் குழி. குப்புறப் படுத்துக் கையை விட்டால், முழங்கை தாண்டிய பிறகு விரல்நுனியில் முட்டை தட்டும். பிங்பாங் பந்து அளவுதான். கோழிமுட்டை மாதிரி கெட்டி ஓடு கிடையாது, தொட்டால் தோல் போல லேசாக அழுந்தும். ஒரு குழியில் நூறு, நூற்றிருபது இருக்கும்.

இதைப் போட்டுவிட்டுப் போனது பங்குனி ஆமை. ஆங்கிலத்தில் ஆலிவ் ரிட்லி என்பார்கள். தை, மாசி, பங்குனியில் கரைக்கு ஏறுவதால் நம் கடலோரத்தில் இந்தப் பெயர். கடலாமைப் பாதுகாப்புக் குழு மாணவர்கள் முட்டைகளை எண்ணித் துணிப்பையில் போட்டுப் பொரிப்பகத்துக்கு எடுத்துப் போவார்கள். அங்கே அதே ஆழத்தில் குழி தோண்டி மறுபடி புதைப்பார்கள். இதைச் சீக்கிரம் முடிக்க வேண்டும். முட்டையிட்டுச் சில மணி நேரம் போனால் கரு மேல்பக்கம் ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு முட்டையைப் புரட்டினால் கரு செத்துப்போகும்.

இத்தனை முட்டையில் ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று முதல் தடவை போனபோது நானும் கேட்டேன். கூட வந்த மாணவர் சிரித்தார். "இன்னும் முடிவாகல சார். அடுத்த மாசம்தான் தெரியும்" என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன்.

மனிதக் குழந்தை ஆணா பெண்ணா என்பது கரு உருவான நொடியிலேயே எக்ஸ், ஒய் குரோமோசோம்களால் தீர்ந்துவிடுகிறது. கடலாமைகளுக்கு அப்படிப்பட்ட பால் குரோமோசோம் கிடையாது. மண்ணுக்குள் முட்டை எவ்வளவு சூட்டில் இருக்கிறது என்பதுதான் தீர்ப்பு. இப்படி ஒன்று நடக்கிறது என்று முதலில் சொன்னவர் மதலேன் ஷார்னியே என்ற பிரெஞ்சு ஆய்வாளர். 1966இல், ஆப்பிரிக்காவின் செனகலில், ஓணான் இனப் பல்லி ஒன்றின் முட்டைகளை வைத்து இதைக் கண்டார். அந்தச் சமயத்தில் பெரிதாக யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பங்குனி ஆமையின் கணக்கு இது. ஏறக்குறைய 28 டிகிரி செல்சியஸிலோ அதற்குக் கீழேயோ முட்டை இருந்தால் குஞ்சுகள் பெரும்பாலும் ஆண். 32ஐத் தாண்டினால் பெண். நடுவில், 29க்கும் 31க்கும் இடையே ஓர் இடத்தில், பாதிக்குப் பாதி. அந்தப் பாதிப் புள்ளி கடற்கரைக்குக் கடற்கரை சற்று மாறும். மூன்று நான்கு டிகிரி என்பது நமக்கு மின்விசிறியை ஒரு புள்ளி கூட்டி வைக்கிற வித்தியாசம். அங்கே ஒரு தலைமுறையின் ஆண் பெண் கணக்கே அதற்குள்தான் இருக்கிறது.

முட்டை பொரிய 45 முதல் 60 நாள் ஆகும். அத்தனை நாளும் வெப்பம் பாலைத் தீர்மானிப்பதில்லை. முதல் மூன்றில் ஒரு பங்கில் கருவுக்கு இனப்பெருக்கச் சுரப்பியே சரியாக உருவாகியிருக்காது. கடைசி மூன்றில் ஒரு பங்கில் முடிவு எடுத்தாகிவிட்டது. நடுவில் வருகிற பதினைந்து இருபது நாள்தான் மணலின் பேச்சு எடுபடும் காலம். அதனால் தாய் கரையேறும் தேதிக்கே பெரிய அர்த்தம் வந்துவிடுகிறது. ஜனவரிக் கடைசியில் இட்ட முட்டைக்கு அந்த நாட்கள் பிப்ரவரியில் வரும், மணல் இன்னும் குளிர்ச்சி விடாத நேரம். மார்ச் கடைசியில் இட்டதற்கு ஏப்ரல் நடுவில், வெறுங்காலில் மணலில் நிற்க முடியாத நேரம்.

சூடு என்றால் பெண் என்று எல்லா ஊர்வனவற்றுக்கும் பொதுவாக எண்ணிவிடக் கூடாது. இதே கடற்கரையில் இன்னும் தெற்கே போனால், கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னை முதலைப் பண்ணை வரும். அங்கே சதுப்புநில முதலையின் முட்டைகளை வைத்துச் செய்த ஆய்வு 1989இல் வெளியானது. 28 முதல் 31 டிகிரி வரை எல்லாமே பெண். 32.5இல் எல்லாமே ஆண். அதற்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கலப்பு. கடலாமைக்கு நேர் தலைகீழ் என்று சொல்லத் தோன்றும்.

வெப்பத்தை முட்டை எப்படித் 'தெரிந்துகொள்கிறது'? இதில்தான் சமீபத்திய ஆய்வுகள் சுவாரசியமானவை. நம்மூர் மீன்தொட்டிக் கடைகளில் கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோட்டோடு குட்டி ஆமைகள் விற்பார்களே, அந்தச் செங்காது ஆமைதான் இதற்கு ஆய்வக மாணவன். சீன, அமெரிக்க ஆய்வாளர்கள் சேர்ந்து அதன் முட்டைகளில் கேடிஎம்6பி என்ற மரபணுவைப் பின்தொடர்ந்தார்கள். குளிர்ந்த 26 டிகிரியில் இந்த மரபணு சுறுசுறுப்பாக இருக்கும். டிஎம்ஆர்டி1 என்ற இன்னொரு மரபணுவைப் பூட்டி வைத்திருக்கும் வேதிக் குறியை இது வழித்தெடுக்கிறது. பூட்டு திறந்ததும் விந்தகம் உருவாகிறது. 26 டிகிரியில் ஆணாக வேண்டிய முட்டைகளில் கேடிஎம்6பியை மட்டும் அடக்கிப் பார்த்தார்கள். தப்பிய கருக்களில் பத்துக்கு எட்டுக்கு மேல் பெண்ணாகின. 2018இல் இது வெளியானது. 2020இல் அடுத்த கண்ணி கிடைத்தது. சூடு ஏறும்போது உயிரணுவுக்குள் கால்சியம் நுழைகிறது, அது ஸ்டாட்3 என்ற புரதத்தை முடுக்குகிறது, அந்தப் புரதம் போய்க் கேடிஎம்6பியின் வாயை அடைக்கிறது. ஆண் வழி மூடிக்கொள்ள, அரோமட்டேஸ் என்ற நொதி ஆண் ஹார்மோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றும் வேலை சூடுபிடிக்கிறது, சூலகம் வளர்கிறது. கடலாமையிலும் இதே சங்கிலிதான் என்று அப்படியே எழுதிவிட முடியாது. ஆனாலும் எங்கே தேட வேண்டும் என்பது தெரிந்துவிட்டது.

இந்த அறிவு பாதுகாப்பு வேலைக்குள் வந்த விதம் கொஞ்சம் சங்கடமானது. எழுபதுகளில் பல நாடுகளில் கடலாமை முட்டைகளைத் தெர்மோகோல் பெட்டிகளில் மணலோடு வைத்துப் பொரிக்க வைத்தார்கள். நாய்க்கும் திருடனுக்கும் பயமில்லை, குஞ்சுகளும் நன்றாக வந்தன. 1980இல் மிரோசோவ்ஸ்கி, இன்டெமா என்ற இருவர் ஒரு கட்டுரை எழுதினார்கள். பெட்டி தரைக்கு மேலே இருக்கிறது, கடற்கரை மணலைவிடக் குளிர்ச்சியாக இருக்கிறது, நீங்கள் ஆண்களாகவே பொரித்துக் கடலில் விட்டுக்கொண்டிருக்கலாம் என்பதே அதன் சாரம். நல்லெண்ணத்தோடு வருடக்கணக்காக உழைத்தவர்கள் அதைப் படித்தபோது எப்படி இருந்திருக்கும்?

இப்போதைய கவலை எதிர்ப்பக்கம். ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபின் வடபகுதியில் பிறந்த பேராமை என்ற பச்சைக் கடலாமைகளைக் கடலில் பிடித்துப் பரிசோதித்த ஆய்வு 2018இல் வந்தது. வளர்ந்த ஆமைகளில் பெண் 86.8 சதவீதம். இளையவற்றில் 99.1 சதவீதம். வயது குறையக் குறைய ஆண் காணாமல் போகிறது. அதே பவளத்திட்டின் தென்பகுதியில், மணல் சற்றுக் குளிர்ந்த கரைகளில் பிறந்தவற்றில் பெண் 65 முதல் 69 சதவீதம்தான். பவளப்பாறைகள் ஒன்றுதான், கரைதான் வேறு.

இதைக் கேட்டதும் இனமே அழியப்போகிறது என்று அலறுவது எனக்குச் சரியாகப் படவில்லை. பெண் ஆமை வருடம் தவறாமல் முட்டையிடுவதில்லை, ஆண் அதைவிட அடிக்கடி இணை சேரும். ஓர் ஆண் பல பெண்களோடு சேரும், ஒரே குழி முட்டைகளுக்கு இரண்டு மூன்று அப்பன்கள் இருப்பதும் சாதாரணம். ஆகவே பெண் கொஞ்சம் கூடுதலாக இருப்பது நல்லதுகூட. எந்த இடத்தில் அது ஆபத்தாகிறது என்பதுதான் கேள்வி. இன்னொன்று, 33, 34 டிகிரிக்கு மேலே மணல் அப்படியே நின்றால் ஆண் பெண் பேச்சுக்கே இடமிருக்காது, கரு வெந்துவிடும். முட்டைக்கு வெளியே உள்ள ஆபத்தும் சின்னதல்ல. 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் ஆமைகள் செத்து ஒதுங்கின. அவை நுரையீரலால் மூச்சுவிடுபவை. இழுவலையில் மாட்டி மேலே வர முடியாவிட்டால் மூச்சடைத்துச் சாகும்.

சென்னையில் எழுபதுகளின் தொடக்கத்தில் ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரும் நண்பர்களும் தொடங்கிய இரவு நடையை, 1988 முதல் மாணவர்கள் கடலாமைப் பாதுகாப்புக் குழுவாக நடத்தி வருகிறார்கள். பொரிப்பகம் என்பதை நான் வெறும் வேலி என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். நாய் வராமல், நண்டு வராமல் பார்த்துக்கொள்கிற இடம். உண்மையில் அங்கே கட்டுகிற கீற்றும் பச்சை நிழல்வலையும் முட்டைகளின் பாலில் கைவைக்கின்றன. நிழல் போட்டால் மணல் குளிரும். தண்ணீர் தெளித்தாலும் குளிரும், ஆனால் அதிகமானால் முட்டைக்கு மூச்சு முட்டும். ஒரு சாண் ஆழம் கூட்டினால் இன்னொரு மாற்றம். இதையெல்லாம் அளக்க, பொத்தான் அளவில் வெப்பப்பதிவுக் கருவி ஒன்றை முட்டைகளோடு சேர்த்துப் புதைக்கலாம். அது மணிக்கொரு முறை எழுதிக்கொண்டே இருக்கும்.

எவ்வளவு நிழல் சரி? அங்கேதான் மாட்டிக்கொள்கிறோம். மார்ச் கடைசிக் குழிகளுக்கு நிழல் போடலாம் என்று தோன்றுகிறது. ஜனவரிக் குழிகளுக்கும் சேர்த்துப் போட்டால் பழைய தெர்மோகோல் கதைதான். விளைவைச் சரிபார்க்கவும் வழியில்லை. வெளித்தோற்றத்தை வைத்துக் குஞ்சின் பால் சொல்ல முடியாது. பல ஆண்டு வளர்ந்த பிறகுதான் ஆணுக்கு வால் நீளும். குஞ்சிலேயே தெரிய வேண்டுமென்றால், செத்துப்போனதை அறுத்துச் சுரப்பியை நுண்ணோக்கியில் பார்ப்பதுதான் வெகுகாலம் வழியாக இருந்தது. ஆண் குஞ்சின் இரத்தத்தில் இருக்கும் ஒரு ஹார்மோனைக் கொண்டு, உயிரோடு வைத்தே கண்டுபிடிக்கும் சோதனை 2020இல் வந்திருக்கிறது. ஒரு சொட்டு இரத்தம் போதும். அதை ஒவ்வொரு பொரிப்பகத்துக்கும் கொண்டுவருவது வேறு கதை.

சங்கப் பாட்டு ஒன்றில் கடலாமை முட்டையிட்டு மணலில் மறைத்துப் போக, குஞ்சு வெளிவரும்வரை ஆண் ஆமை காவல் காக்கும். அழகான கற்பனை. உள்ளபடி ஆண் ஆமை கடலுக்குள் இறங்கியதோடு சரி, கரைக்குத் திரும்பி வருவதே அபூர்வம்.

ஏப்ரலில் ஒரு சாயங்காலம் குஞ்சு விடுவதைப் பார்க்கப் போனேன். கூடையைக் கவிழ்த்ததும் உள்ளங்கையில் அடங்குகிற கறுப்புக் குட்டிகள் அலைச் சத்தத்தை நோக்கித் துடுப்படித்துக்கொண்டு ஓடின. பக்கத்தில் அந்த மாணவர் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். குழி எண், முட்டையிட்ட தேதி, பொரிந்த தேதி, முட்டை 112, குஞ்சு 94. ஆண், பெண் என்று கட்டம் எதுவும் இல்லை. ஓரத்தில் பென்சிலால் மட்டும் எழுதியிருந்தார்: "கிழக்கு மூலை, நிழல் இல்லை."