டிலேயில் திரும்பி வரும் ஒலியின் நிறம்

மிக்ஸிங்குக்கு என்னிடம் வரும் பாடல்களில் அடிக்கடி பார்க்கும் ஒரு சிக்கலைப் பற்றி இங்கே எழுதுகிறேன். கிதாரோ புல்லாங்குழலோ, வாசித்தவர் அருமையாக வாசித்திருப்பார். அதன் மேல் போட்ட டிலே, அதாவது ஒலியைச் சற்றுப் பிந்தி எதிரொலியாகத் திரும்ப ஒலிக்கவைக்கும் எஃபெக்ட், அந்த வாசிப்பையே மூடிவிடும். நேரத்தை டெம்போவோடு சரியாகப் பொருத்தியிருப்பார்கள். திரும்பி வரும் ஒலி எப்படி ஒலிக்க வேண்டும் என்பதை மட்டும் யாரும் யோசித்திருக்க மாட்டார்கள்.

நேரக் கணக்கு எளிது. 60,000-ஐ பிபிஎம்மால் (நிமிடத்துக்கு எத்தனை பீட் என்ற எண்) வகுத்தால் ஒரு பீட்டின் நீளம் மில்லி வினாடியில் கிடைக்கும். 120 பிபிஎம் என்றால் 500. அதில் முக்கால் பங்கு 375. கிதார் வாசிப்பவர்கள் பலருக்கும் பிடித்த அளவு இது. இதையெல்லாம் இப்போது மென்பொருளே செய்துவிடுகிறது.

ஒலியின் நிறம், அதாவது அது கூர்மையாக ஒலிக்கிறதா மங்கலாக ஒலிக்கிறதா என்பதுதான் விஷயம். 1950களில் மெம்ஃபிஸில் இருந்த தன் ஸ்டுடியோவில் இசைத் தயாரிப்பாளர் சாம் ஃபிலிப்ஸ் டேப் இயந்திரங்களை வைத்துத்தான் குறுகிய எதிரொலியை உண்டாக்கினார். பதிவு செய்யும் ஹெட்டுக்கும் படிக்கும் ஹெட்டுக்கும் இடையே டேப் பயணப்படும் நேரமே டிலே. வினாடிக்கு 15 அங்குலம் ஓடும் டேப்பில் 2 அங்குல இடைவெளி இருந்தால் சுமார் 133 மில்லி வினாடி. அந்த ஒலியைத் திரும்பத் திரும்பப் பதிவு செய்யும்போது ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கூர்மை குறையும். 1969-ல் பிலிப்ஸ் நிறுவன ஆய்வாளர்கள் உருவாக்கிய, வாளி வாளியாகக் கைமாற்றுவதுபோல் ஒலியைக் கடத்தித் தாமதப்படுத்தும் பக்கெட் பிரிகேட் சிப்பில் ஓடிய அனலாக் பெடல்களிலும் இதே மங்கல் உண்டு. சிப்பின் இரைச்சலை அடக்க உயர் அதிர்வெண்களை வெட்டித்தான் ஆக வேண்டியிருந்தது. ஆனால் அந்தக் குறைதான் இசைக்கு உதவியது. மங்கிய ஒலி தூரத்தில் இருப்பதுபோல் கேட்கும். அசல் ஒலி முன்னால் நிற்கும்.

டிஜிட்டல் டிலே அப்படியே நகல் எடுத்துத் தருகிறது. நகலும் அசலும் ஒரே பளபளப்போடு முன்வரிசைக்குப் போட்டி போடுகின்றன. அதனால் டிலேயில் அதிர்வெண்களை வெட்டும் ஃபில்டரை முதலில் தொடுங்கள். மேலே 3,000, 4,000 ஹெர்ட்ஸ் அருகிலும் கீழே 200, 300 ஹெர்ட்ஸ் அருகிலும் வெட்டித் தொடங்கி, காதை நம்பி நகர்த்துங்கள். எதிரொலியை மீண்டும் டிலேக்குள் அனுப்பும் ஃபீட்பேக் சுற்றுக்குள்ளேயே ஃபில்டர் இருந்தால் இன்னும் நல்லது. ஒவ்வொரு எதிரொலியும் முந்தையதைவிட மங்கிக்கொண்டே போகும்.

ஃபீட்பேக்கையும் கணக்கோடு வையுங்கள். 50 சதவீதம் என்றால் ஒவ்வொரு முறையும் 6 டெசிபல் குறையும். பத்தாவது எதிரொலிக்குள் சுமார் 60 டெசிபல் இறங்கும். 500 மில்லி வினாடி டிலேயில் அதற்கு 5 வினாடி ஆகும். உங்கள் பாடலில் 2 வினாடிக்கு ஒருமுறை கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரங்கள்) மாறினால், பழைய கார்டின் மிச்சம் புதியதின் அடியில் கிடக்கும். கமகம் நிறைந்த வயலினுக்கு இது இன்னும் மோசம்: சுரம் வழுக்கி மேலே போய்க்கொண்டிருக்கும்போது, கீழே இருந்த இடம் திரும்ப ஒலித்து ஸ்ருதியே விலகியதுபோல் தோன்றும். அங்கெல்லாம் ஒன்றிரண்டு எதிரொலியே போதும். வாசிக்கும்போது அடங்கி, இடைவெளியில் மட்டும் எழும் டக்கிங் டிலே அதைவிடச் சிறந்தது.

அப்புறம், மிகக் குறுகிய டிலே. இங்கேதான் கருவியின் குரலே மாறுகிறது. ஓர் ஒலியும் சற்றே பிந்தி வரும் அதன் நகலும் சேர்ந்து ஒரே ஒலியாகக் கேட்பதை ஹெல்முட் ஹாஸ் என்ற ஆய்வாளர் 1949-ல் பேச்சொலியை வைத்து ஆராய்ந்தார். சுமார் 30 மில்லி வினாடிக்குள் காது இரண்டையும் பிரிக்காது. ஆனால் நிறத்தில் வித்தியாசம் தெரியும். 1 மில்லி வினாடி பிந்திய நகலைச் சம அளவில் கலந்தால் 500, 1,500, 2,500 ஹெர்ட்ஸ் என வரிசையாகப் பள்ளம் விழும். கருவி உள்ளே வெற்றாக இருப்பதுபோல் ஒலிக்கும். வேண்டுமென்றே செய்தால் அழகான விளைவுதான். (ஒரே கருவிக்கு இரண்டு மைக் வைத்து, ஒன்று 34 சென்டிமீட்டர் தள்ளி இருந்தாலும் கிட்டத்தட்ட இதே 1 மில்லி வினாடி வந்துவிடும்.)

இடது பக்கம் அசல், வலது பக்கம் 15 மில்லி வினாடி நகல் என்று வைத்து அகலம் உண்டாக்குவது பலருக்கும் பழக்கம். ஹெட்போனில் பிரமாதமாக இருக்கும். இடது வலது இரண்டையும் ஒன்றாகக் கலக்கும் மோனோவில் அதே மாதிரிப் பள்ளங்கள் வந்து நிற்கும். ஒற்றை ஸ்பீக்கரில் பாட்டு கேட்பவர்கள் ஏராளம். மோனோ பட்டனை அழுத்திப் பார்க்காமல் இந்த முறையைக் கையில் எடுக்காதீர்கள். நகலைச் சில டெசிபல் குறைத்து, ஃபில்டரும் போட்டால் பாதிப்பு குறையும்.

காதுக்காக ஒன்று சொல்கிறேன். ஃபீட்பேக் 100 சதவீதத்தைத் தாண்டினால் ஒலி அடங்காமல் வளரும். அந்தக் குமிழைத் திருப்புவதற்கு முன் ஹெட்போனின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, டிலேக்குப் பின்னால், சத்தம் ஓர் அளவைத் தாண்டாமல் தடுக்கும் ஒரு லிமிட்டர் வையுங்கள்.

மிக்ஸிங்குக்கு அனுப்பும்போது டிலே இல்லாத டிராக்கைத் தனியாகவும், டிலே ஒலியை மட்டும் இன்னொரு டிராக்காகவும் அனுப்புங்கள். இரண்டும் சேர்ந்தே பதிவாகிவிட்டால், பிறகு யாராலும் முழுமையாகப் பிரித்தெடுக்க முடியாது.