பெல்ட் எலும்பில் இருக்க வேண்டும்: பயணத்துக்குச் சின்ன பூஸ்டர் சீற் வாங்குபவர்களுக்கு

ஆடி பிறந்தால் வாட்ஸ்அப்பில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வரும். கனடாவில் இருந்தும் லண்டனில் இருந்தும் சுவிஸில் இருந்தும் நல்லூர்த் திருவிழாவுக்கு வர ஆயத்தமாகும் தாய்மார் கேட்பார்கள்: "டொக்டர், பெட்டிக்குள்ள அடங்குற மாதிரி ஒரு சின்ன பூஸ்டர் சீற் சொல்லுங்கோ." (வாகனத்தின் பெல்ட் பிள்ளைக்குச் சரியாகப் படிவதற்காக வாகன சீற்றின் மேல் வைக்கும் இருக்கைதான் பூஸ்டர் சீற்.) இங்கே யாழ்ப்பாணத்தில் கார் வைத்திருக்கும் குடும்பங்களும் இப்போது கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள், அது எனக்கு உண்மையிலேயே சந்தோசம். ஆனால் எது சின்னது என்பது இரண்டாவது கேள்வி. ஏறப்போகிற வாகனத்தின் பெல்ட் உங்கள் பிள்ளையின் உடம்பில் எங்கே படியும் என்பதுதான் முதலாவது, அது தெரியாமல் எந்த சீற்றையும் நான் சிபாரிசு செய்வதில்லை.

நான் சிறுவர் சத்திரசிகிச்சைப் பிரிவில் வேலை செய்கிறேன், அதனால் இதை வயிற்றில் இருந்தே தொடங்குகிறேன். வாகனத்தின் பெல்ட் பெரிய ஆட்களின் அளவுக்குச் செய்யப்பட்டது. பெரியவருக்கு அதன் கீழ்ப்பகுதி இடுப்பெலும்பில் கொளுவி நிற்கும், மேல்பகுதி கழுத்துக்கும் தோள்மூட்டுக்கும் நடுவே காறை எலும்பின் மேலாகப் போகும். ஆறு வயதுப் பிள்ளைக்கு அந்த இடுப்பெலும்பு இன்னும் வடிவாக எழும்பவில்லை. தொடையும் கட்டை. சீற்றின் ஆழம் தொடையைவிட நீளமாக இருப்பதால் முழங்காலை மடிப்பதற்காகப் பிள்ளை தானாகவே முன்னுக்கு நழுவும், நழுவ நழுவ பெல்ட் வயிற்றுக்கு ஏறும், மேல் பெல்ட் கழுத்தை உரசும், உரசினால் பிள்ளை அதைக் கமக்கட்டுக்குக் கீழேயோ முதுகுக்குப் பின்னாலேயோ தள்ளிவிடும். அப்படி இருக்கும்போது வாகனம் எதிலாவது மோதினால் உடம்பின் முழுப் பாரத்தையும் தாங்குவது வயிறு. வைத்தியசாலைக்கு வரும் பிள்ளையின் சட்டையைத் தூக்கினால் தொப்புள் மட்டத்தில், மூன்று விரல் அகலத்தில், குறுக்கே கன்றிய ஒரு கோடு தெரியும். அந்தக் கோட்டைக் கண்டால் எங்களுக்குப் பயம் வந்துவிடும். பெல்ட்டுக்கும் முள்ளந்தண்டுக்கும் இடையில் குடல் நசுங்கிக் கிழிந்திருக்கலாம், குடலுக்கு இரத்தம் கொண்டுபோகும் சவ்வு கிழிந்திருக்கலாம், நாரி எலும்பு குறுக்கே பிளந்திருக்கலாம். அந்த எலும்பு முறிவுக்கு 1948இல் அதை விவரித்த கதிரியல் வைத்தியரின் பெயரால் சான்ஸ் முறிவு என்று பெயர்.

இதில் ஒன்றைக் கட்டாயம் மனதில் வைத்திருங்கள். குடல் கிழிந்த பிள்ளை முதல் சில மணித்தியாலம் சும்மா ஓடி விளையாடவும் கூடும். நோவும் சத்தியும் காய்ச்சலும் பிறகு, சிலவேளை அடுத்த நாள்தான் வரும். விபத்துக்குப் பிறகு வயிற்றில் அந்தக் கோடு இருந்தால், பிள்ளை "ஒண்டுமில்லை" என்று சொன்னாலும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

பூஸ்டர் சீற் செய்யும் வேலை மிகச் சின்னது. பிள்ளையை உயர்த்தி, பெல்ட்டை வயிற்றில் இருந்து தொடை தொடங்கும் இடத்துக்குக் கீழிறக்கி, எலும்பில் படிய வைக்கிறது. பிள்ளையைப் பிடித்திருப்பது வாகனத்தின் பெல்ட்தான். 4 முதல் 8 வயதுப் பிள்ளைகளை வைத்து அமெரிக்காவில் செய்த ஆய்வொன்றில், வெறும் பெல்ட்டோடு இருந்தவர்களைவிட பூஸ்டரில் இருந்தவர்கள் காயப்படும் வாய்ப்பு 45 சதவீதம் குறைவாக இருந்தது. மடியில் வைத்திருந்தால் காணாதா என்று அம்மம்மாமார் கேட்பார்கள். மணிக்கு 50 கிலோமீற்றரில் போகும் வாகனம் ஒரு செக்கனில் பத்தில் ஒரு பங்குக்குள் நின்றால் 20 கிலோ பிள்ளையைப் பிடித்திருக்க ஏறத்தாழ 280 கிலோவைத் தூக்கும் பலம் வேண்டும். யாருடைய கையாலும் முடியாது.

நாலு வயதுக்கும் 15 கிலோவுக்கும் கீழே உள்ள பிள்ளைக்கு எந்த பூஸ்டரும் வேண்டாம், ஐந்து இடத்தில் பட்டி போட்டுக் கட்டும் சீற்தான் வேண்டும். கனடாவில் தொடக்கமே 18 கிலோ. எப்போது விடலாம் என்றால், ஒன்ராறியோவில் 8 வயது அல்லது 145 சென்ரிமீற்றர் அல்லது 36 கிலோ, பிரித்தானியாவில் 12 வயது அல்லது 135 சென்ரிமீற்றர், சுவிஸில் 12 வயது அல்லது 150 சென்ரிமீற்றர். என்னைக் கேட்டால் வயதை விட்டுவிட்டு 145ஐப் பிடியுங்கள். எங்கள் பிள்ளைகளில் கனபேர் பத்து வயதிலும் அந்த உயரத்துக்குக் கீழேதான். ரொறன்ரோவில் கடைக்குப் போகப் பத்து நிமிடம் ஓடுவதற்கே பூஸ்டரில் ஏற்றும் அதே தாய் தகப்பன், கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கியதும் யாழ்ப்பாணம் வரை 350 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரத்துக்குப் பிள்ளையை வெறும் சீற்றில் படுக்க வைத்துக்கொண்டு வருகிறார்கள். மாடு படுத்திருக்கிற, சில இடங்களில் யானை கடக்கிற ஏ9 வீதியில்.

சரி, சின்னதில் என்னென்ன இருக்கின்றன? காற்றடிக்கிற வகை ஒன்று, சுருட்டினால் கைப்பைக்குள் போய்விடும். காற்று முழுக்க இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் கையால் அமத்திப் பார்க்க வேண்டும். மடிக்கிற நுரைமெத்தை வகையும், முதுகுப்பையாகத் தோளில் போடக்கூடிய வகையும் அடுத்தவை, கொஞ்சம் இடம் பிடிக்கும், ஆனால் திடமானவை. மிகச் சின்னது மைஃபோல்ட் போன்ற தட்டை வகை. அது பிள்ளையை உயர்த்தாது, கொக்கிகளால் பெல்ட்டை இழுத்துக் கீழே பிடிக்கும். கொக்கி ஒவ்வொன்றும் பிள்ளையின் அளவுக்குச் சரியாக மாட்டப்பட்டால் வேலை செய்யும், ஆனால் முழங்கால் மடியாமல் நழுவுகிற பிரச்சினை அப்படியே இருக்கும். அதனால் சின்னப் பிள்ளைக்கு நான் அதைச் சொல்வதில்லை, எட்டு ஒன்பது வயதில் அசையாமல் இருக்கக்கூடிய பிள்ளைக்குப் பரவாயில்லை. முதுகும் தலைப்பக்கமும் உள்ள, மடிக்கக்கூடிய பூஸ்டர்களும் வருகின்றன. பாரம்தான், விலையும் கூடத்தான், ஆனாலும் எங்கள் பயணத்துக்கு அதுதான் எனக்குப் பிடித்தது. ஏன் என்று கீழே சொல்கிறேன். இன்னொன்று, மேல் பெல்ட்டையும் கீழ் பெல்ட்டையும் சேர்த்துப் பூட்டும் முக்கோணத் துணி. கழுத்தில் உரசாதென்று வாங்குகிறார்கள். அது கீழ் பெல்ட்டை வயிற்றுக்கு இழுத்துவிடும். அதை வாங்கவே வேண்டாம்.

இனி வான். பூஸ்டருக்குத் தோள் பெல்ட் கட்டாயம், இடுப்பு மட்டும் கட்டும் பெல்ட்டோடு அதை வைக்கவே கூடாது. (விமானத்திலும் அதனால்தான் பாவிக்க முடியாது, கைப்பையில் வரட்டும்.) ஹையர் வான்கள் பலவற்றில் பின் சீற்றுகளுக்கு இடுப்புப் பெல்ட்தான் இருக்கும், நடைபாதையில் விரிக்கிற மடிப்பு சீற்றில் சிலவேளை அதுவும் இராது. சீற் கவர் போடும்போது கொளுவியை உள்ளே தள்ளித் தைத்துவிடுவதும் உண்டு. வான் பேசும்போது ஏ.சி. இருக்கோ, எத்தனை சீற் என்று கேட்கிறோம்தானே, அப்போதே "அண்ணை, பின்னுக்குத் தோள் பெல்ட் எத்தனை இருக்கு, ஒரு படம் எடுத்து அனுப்புங்கோ" என்றும் கேளுங்கள். வானில் அது இல்லையென்றால் இரண்டு காராகப் பிடியுங்கள், அல்லது ரயிலில் வாருங்கள். முன் சீற்றில் பெல்ட் போடுவது 2011 முதல் இங்கே சட்டம் என்பதால் முன்னுக்கு இருப்பவர்கள் பழகிவிட்டார்கள், பின்னுக்கு இருக்கும் பிள்ளைதான் கவனத்தில் இருந்து விடுபட்டுப் போகிறது.

அப்புறம் நித்திரை. எங்கள் ஆட்கள் இரவில்தான் வெளிக்கிடுவார்கள், வெயில் இல்லை, ரோட்டும் காலி என்று. முதுகில்லாத பூஸ்டரில் இருக்கும் பிள்ளை நித்திரையானதும் பக்கவாட்டில் சரிந்துவிடும், தோள் பெல்ட் தோளை விட்டு இறங்கிவிடும், அதற்குப் பிறகு பூஸ்டர் இருந்தும் பயனில்லை. தலைப்பக்கம் உள்ள வகையை நான் விரும்புவது இதற்காகத்தான். ஐரோப்பாவின் புதிய ஒழுங்கில் முதுகில்லாதவற்றுக்கு 125 சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கே அனுமதி கொடுக்கிறார்கள். முதுகில்லாததுதான் கையில் இருக்கிறதென்றால் பகலில் வாருங்கள், பக்கத்தில் ஒரு பெரியவர் விழித்திருந்து பெல்ட்டைப் பார்க்கட்டும். பிள்ளைக்குக் கீழே தலையணை வைத்து உயர்த்துவது வேண்டாம், மோதும்போது அது வழுக்கிப் போய்விடும்.

வழியில் முறிகண்டியில் எல்லாரும் இறங்குவோம், பிள்ளையாரைக் கும்பிட்டு, கச்சான் வாங்கி, திரும்ப ஏறுவோம். அந்த ஏற்றத்தில்தான் பெல்ட் மறக்கிறது. வீடு கிட்டிவிட்டது என்று பிள்ளையைச் சித்தி மடிக்கு எடுப்பார், பூஸ்டர் காலுக்குக் கீழே போய்விடும். அங்கிருந்து யாழ்ப்பாணம் இன்னும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல். ஆனையிறவு தாண்டியதும் ரோட்டு நேராக இருப்பதால் வேகமும் கூடும். ஏறியதும் ஒருவர் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும்: கீழ் பெல்ட் தொடையைத் தொடுகிறதா, மேல் பெல்ட் தோளின் நடுவில் இருக்கிறதா, முதுகு சாய்ந்திருக்கிறதா, முழங்கால் விளிம்பில் மடிகிறதா. அரை நிமிட வேலை.

இங்கேயே வாங்குபவர்கள் கடையில் முதலில் அடியைத் திருப்பிப் பாருங்கள். ஐரோப்பிய அனுமதி என்றால் செம்மஞ்சள் ஒட்டுத்தாளில் வட்டத்துக்குள் ஆங்கில ஈ எழுத்தும் ஆர்44 அல்லது ஆர்129 என்ற இலக்கமும் இருக்கும். கனடாவில் வாங்கியதென்றால் மேப்பிள் இலை அடையாளம் இருக்கும். ஒன்றுமே இல்லாத, வெறும் துணி சுற்றிய மெத்தை எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். முடிந்தால் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய், உங்கள் காரிலேயே வைத்துப் பெல்ட்டைப் பூட்டிப் பார்த்த பிறகு காசைக் கொடுங்கள். பூஸ்டரின் அகலம் பெல்ட்டின் கொளுவியை மறைத்தால் பிள்ளையால் தானாகப் பூட்ட முடியாது, நாலு நாளில் பூட்டாமலே பழகிவிடும். பிள்ளை இல்லாத நேரத்திலும் சீற்றைப் பெல்ட்டால் கட்டி வையுங்கள், இல்லையென்றால் சடுதியாக பிரேக் போடும்போது முன்னுக்கு இருப்பவரின் தலையில் வந்து அடிக்கும்.

விடுமுறை முடிந்து திரும்பிப் போகிறவர்கள் பூஸ்டரை இங்கே இருக்கும் மச்சாள் பிள்ளைக்கு விட்டுவிட்டுப் போவது நல்ல விசயம், தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் அடியில் காலாவதித் திகதி போட்டிருந்தால் அதைப் பாருங்கள், விபத்தில் அகப்பட்ட சீற் என்றால் வெளியே வெடிப்பு தெரியாவிட்டாலும் கொடுக்காதீர்கள், கையேட்டை மறக்காமல் கூடவே வையுங்கள். மச்சாளின் கார் பின் சீற்றில் தோள் பெல்ட் இருக்கிறதா என்று பார்த்து, அந்தப் பிள்ளையை ஒருமுறை இருத்திப் பெல்ட்டைப் பூட்டிக் காட்டிவிட்டுப் போங்கள்.